டென்னிஸ் ஆடற பொண்ணுக்கு காலேஜ் விசிட் எப்படி பிளான் பண்றது – கொஞ்சம் நீளமான பதில்

உங்க கேள்வியை முதல்ல சுருக்கி எழுதிடறேன், பின்னாடி படிக்கறவங்களுக்கும் புரியணும்ல. டல்லாஸ் பக்கம் இருக்கீங்க, பொண்ணு டென்னிஸ் ஆடறா, பத்தாவது முடிச்சு ஜூனியர் இயர் போகப் போறா. ஜூன் 15 அன்னைக்கு நாலஞ்சு கோச் கிட்ட இருந்து மெசேஜ் வந்திருக்கு, ஆகஸ்ட்ல இருந்து கேம்பஸுக்கு வாங்கன்னு கூப்பிடறாங்க. எத்தனை காலேஜ் போகணும், எதை முதல்ல போகணும், நாமளும் கூடப் போகலாமா, செலவு யாரோடது, H-4 விசாவுல (H-1B ல வேலை பாக்கறவங்க குடும்பத்துக்கு தர்ற விசா) இருக்கா அது பிரச்சனையாகுமா, இதானே கேட்டிருக்கீங்க. எங்க பெரியவ டிவிஷன் 1 ல (காலேஜ் ஸ்போர்ட்ஸோட மேல் மட்டம்) நாலு வருஷம் ஆடி முடிச்சுட்டா, சின்னவன் இப்போ ஒரு டிவிஷன் 3 (ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் இல்லாத மட்டம்) காலேஜ்ல ஆடறான், ரெண்டு பேருக்கும் சேர்த்து பதினேழு கேம்பஸ் ஏறி இறங்கிருக்கோம். அதுல தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல ரூல்ஸ். காலேஜ் செலவு பண்ணி கூப்பிட்டா அது அபிஷியல் விசிட், நம்ம காசுல போனா அன்அபிஷியல் விசிட். டென்னிஸ்ல டிவிஷன் 1 கோச் உங்க பொண்ணு கிட்ட போன், மெசேஜ்னு பேச ஆரம்பிக்கறது பத்தாவது முடிஞ்ச ஜூன் 15 ல இருந்து, கேம்பஸ்ல வெச்சு பாத்து பேசறது ஆகஸ்ட் 1 ல இருந்து. அதுக்கு முன்னாடி நீங்க எல்லாரும் போற அட்மிஷன்ஸ் டூருக்கு தாராளமா போகலாம், ஆனா கோச் உட்கார்ந்து ரெக்ரூட்டிங் பேச முடியாது, வாசல்ல பாத்தா ஹலோ சொல்லிட்டு போயிடுவாங்க, அதைப் பாத்து மூஞ்சி கொடுக்கலன்னு நினைச்சுக்காதீங்க. எங்க பெரியவ காலத்துல டிவிஷன் 1 ல மொத்தமே அஞ்சு அபிஷியல் விசிட் தான், எண்ணி எண்ணி செலவு பண்ணினோம். 2023 ஜூலைல இருந்து அந்தக் கணக்கு போயிடுச்சு, எத்தனை காலேஜ் வேணா போகலாம், ஒரு காலேஜுக்கு ஒரு தடவை, அதிகபட்சம் ரெண்டு ராத்திரி. ஹெட் கோச் மாறிட்டா அதே காலேஜுக்கு இன்னொரு தடவை போக வழி இருக்கு. இன்னமும் நிறைய இடத்துல அஞ்சுன்னே எழுதி வெச்சிருக்காங்க, அதை நம்பி பயப்படாதீங்க.

அபிஷியல் விசிட் போறதுக்கு முன்னாடி ரெண்டு பேப்பர் வேலை இருக்கு, ஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட் (மார்க் லிஸ்ட்) காலேஜுக்கு போயிருக்கணும், காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்தற அமைப்பான என்சிஏஏவோட எலிஜிபிலிட்டி சென்டர்ல அவ பேர்ல அக்கவுண்ட் இருக்கணும். இதை இந்த வாரமே முடிச்சுடுங்க, கடைசி நேரத்துல டிக்கெட் புக் பண்ண முடியாம நின்னவங்களை பாத்திருக்கேன். கூடவே என்சிஏஏ கேக்கற 16 கோர் கோர்ஸ் (முக்கியமான ஸ்கூல் பாடங்கள்) கணக்கையும் ஸ்கூல் கவுன்சிலர் கிட்ட ஒரு தடவை சரி பாத்துக்கங்க, அதுல 10 கோர்ஸ் சீனியர் இயர் (பன்னிரண்டாவது) ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கணும், நம்ம பசங்க படிப்புக்கு இது பெரிய விஷயம் இல்ல, ஆனாலும் ஆன்லைன்ல எடுத்த கோர்ஸ் ஏதாவது இருந்தா மட்டும் கவனம்.

அப்புறம் ஒண்ணு, வந்த மெசேஜ் எல்லாமே அழைப்பு கிடையாது. சம்மர் கேம்புக்கு வா, ப்ராஸ்பெக்ட் கேம்புக்கு வான்னு வர்றது பெரும்பாலும் காசு கட்டிப் போற கேம்ப், நூத்துக்கணக்கான பசங்களுக்கு அதே மெயில் போயிருக்கும். அவ ஆடின குறிப்பிட்ட மேட்ச் பத்தி எழுதி, போன்ல பேசலாமான்னு கேட்டு, தேதி சொல்ற கோச் தான் நிஜமா ஆர்வமா இருக்கற கோச். சந்தேகம் இருந்தா உங்க பொண்ணையே நேரா கேக்கச் சொல்லுங்க, இது அபிஷியலா அன்அபிஷியலா, உங்க 2 வருஷம் கழிச்சு வர்ற பேட்ச்ல எத்தனை இடம் இருக்குன்னு. இதைக் கேக்கறது தப்பே இல்ல, அவங்களுக்கு இது தினப்படி வேலை.

இப்போ எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னா, எடுத்த எடுப்புல ஃபிளைட் ஏறாதீங்க. டல்லாஸ்ல இருக்கறது உங்களுக்கு பெரிய வசதி. எஸ்எம்யூவும் டிசியூவும் வீட்டு வாசல்லயே இருக்கு, ஐ-35 ல கீழ இறங்கினா வேகோல பேலர், ஜார்ஜ்டவுன்ல சவுத்வெஸ்டர்ன், ஆஸ்டின்ல யுடி, சான் அன்டோனியோல டிரினிட்டி. இதுல பேலரும் யுடியும் டிவிஷன் 1, சவுத்வெஸ்டர்னும் டிரினிட்டியும் சின்ன டிவிஷன் 3 காலேஜ். ஒரே ரோட்டுல பெருசு சிறுசு, பிரைவேட் அரசு எல்லாம் வந்துடுது. இந்தக் காலேஜ்ல எல்லாம் அவ சேரப் போறான்னு சொல்லல. முதல் ரெண்டு மூணு விசிட் அவளுக்கு என்ன புடிக்கும்னு அவளே கண்டுபுடிக்கறதுக்கு. அம்பதாயிரம் பேர் படிக்கற கேம்பஸ்ல நடந்தா மனசு விரியுதா இல்ல தொலைஞ்சு போன மாதிரி இருக்கான்னு நடந்து பாத்தா தான் தெரியும், வெப்சைட்ல தெரியாது. எங்க பெரியவ பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டி தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா, ரெண்டு பாத்ததும் அவளே மாத்திக்கிட்டா.

மனசுக்கு ரொம்பப் புடிச்ச காலேஜை முதல் விசிட்டா போடாதீங்க, கடைசியிலயும் வெக்காதீங்க. முதல் விசிட்ல பசங்களுக்கு என்ன கேக்கணும்னே தெரியாது, எல்லாமே அழகா தெரியும். கடைசில வெச்சா அதுக்குள்ள வேற ஒரு கோச் ஆஃபர் கொடுத்து ரெண்டு வாரத்துல பதில் சொல்லுன்னு நெருக்கிடுவாங்க. ரெண்டாவது மூணாவதா வெச்சுக்கங்க. வெளியூர் போறப்போ ஒரு ஊரை மையமா வெச்சு சேர்த்துப் பாருங்க, நார்த் கரோலினா போனா டியூக், யுஎன்சி, என்சி ஸ்டேட் மூணும் ராலே ஏர்போர்ட்டைச் சுத்தி, கார் எடுத்தா ஒண்ணரை மணி நேரத்துல வேக் ஃபாரஸ்ட். கலிபோர்னியா கிளேர்மான்ட்ல பொமோனாவும் கிளேர்மான்ட் மக்கென்னாவும் பக்கத்து பக்கத்துல. ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணு, ரொம்ப மிஞ்சினா ரெண்டு. நாங்க ஒரு தடவை ரெண்டு நாள்ல அஞ்சு பாத்தோம், திரும்பி வர்றப்போ எந்த கோச் எந்தக் காலேஜ்னே அவளுக்கு குழம்பிப் போச்சு, மொத்த செலவும் வீண்.

தேதி விஷயத்துல, ஆகஸ்ட் 1 ன்னதும் ஆகஸ்ட் முதல் வாரமே ஓடாதீங்க. அப்போ கேம்பஸ்ல ஆளே இருக்காது, டீம் இருக்காது, காலி கட்டடத்தைப் பாத்துட்டு வருவீங்க. செப்டம்பர் நடுவுல இருந்து நவம்பர் வரைக்கும் போனா பிராக்டிஸ் நடக்கும், கிளாஸ் நடக்கும். ஜனவரில இருந்து மே வரைக்கும் டீம் மேட்ச் சீசன், அப்போ கோச்சுக்கு நேரம் இருக்காது, ஆனா அன்அபிஷியலா போய் கேலரில உட்கார்ந்து ஒரு மேட்ச் பாக்கறதுக்கு அதை விட நல்ல சமயம் கிடையாது. குளிர் பிரதேசக் காலேஜ் ஏதாவது லிஸ்ட்ல இருந்தா பிப்ரவரில ஒரு தடவை போங்க, அக்டோபர்ல இலை எல்லாம் செவப்பா இருக்கறப்போ போனா எல்லாருக்கும் புடிச்சுடும். இன்டோர் கோர்ட் கேம்பஸ்லயே இருக்கா, இல்ல வேன்ல ஏறி வெளிய ஒரு கிளப்புக்கு போறாங்களா, எத்தனை மணிக்கு கோர்ட் கிடைக்குதுன்னு கேளுங்க. காலைல ஆறு மணி பனில வேன் ஏறறது தான் நாலு வருஷ வாழ்க்கைன்னா அது அவளுக்கு முன்னாடியே தெரியணும்.

ஃபுட்பால் ஹோம் கேம் இருக்கற வீக்எண்ட்ல கூப்பிடுவாங்க, கோச்சுக்கு அது ஆசை காட்ட சௌகரியம். எழுபதாயிரம் எண்பதாயிரம் பேர் கத்தற ஸ்டேடியத்துல நிக்க வெச்சா எந்தப் பதினாறு வயசுப் பொண்ணுக்கும் அங்கயே சேரணும்னு தான் தோணும். அபிஷியல் விசிட்டே பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு வீட்டைக் கழுவி கோலம் போட்டு பஜ்ஜி சொஜ்ஜி வெச்சிருக்கற மாதிரி தான். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, நம்மளும் நல்ல சட்டை போட்டுக்கிட்டு தான் போறோம். ஆனா முடிஞ்சா வியாழன் வெள்ளி கேட்டுப் பாருங்க, கிளாஸ் இருக்கற நாள், பிராக்டிஸ் இருக்கற நாள். ஸ்கூல் ஒரு நாள் ரெண்டு நாள் போகும், பரவால்ல.

போறதுக்கு முன்னாடி வீட்டுல உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, இதைத் தான் நிறையப் பேர் செய்யறதில்ல. அந்த டீமோட ரோஸ்டரை (ஆட்டக்காரங்க பட்டியல்) எடுத்து ஒவ்வொரு பொண்ணும் எந்த இயர்னு எழுதுங்க, உங்க பொண்ணு ஃபர்ஸ்ட் இயர் போறப்போ யார் யார் மிச்சம் இருப்பாங்கன்னு பாருங்க, அவங்க யூடிஆர் (ஆட்டத் திறமைக்கு தர்ற ரேட்டிங் எண்) என்னன்னு பக்கத்துல எழுதுங்க. டிவிஷன் 1 டென்னிஸ்ல ஒரு மேட்ச்ல மூணு டபுள்ஸ், ஆறு சிங்கிள்ஸ். டபுள்ஸ் மூணும் சேர்ந்து ஒரு பாயின்ட், சிங்கிள்ஸ் ஒவ்வொண்ணும் ஒரு பாயின்ட், நாலு எடுத்தவங்க ஜெயிச்சாங்க. அப்போ சிங்கிள்ஸ் ஆடறது ஆறே பேர். டீம்ல எட்டு பேர் ஒம்பது பேர் இருப்பாங்க. 2025 ஜூன்ல ஹவுஸ் கேஸ் (காலேஜ் ஆட்டக்காரங்க பணம் பத்தி என்சிஏஏ மேல போட்ட கேஸ்) செட்டில்மென்ட் அப்ரூவ் ஆனதுக்கு அப்புறம் அதுல சேர்ந்த காலேஜ்கள்ல டென்னிஸ் டீமுக்கு 10 பேர் தான் உச்சவரம்பு, முன்னாடி பொண்ணுங்க டென்னிஸுக்கு 8 ஸ்காலர்ஷிப்னு இருந்த கணக்கும் அங்க இப்போ இல்ல. இடம் சின்னது, வெளிநாட்டுல இருந்து வர்ற நல்ல ஆட்டக்காரங்க, வேற காலேஜ்ல இருந்து டிரான்ஸ்ஃபர் ஆகி வர்றவங்கன்னு எல்லாரும் அதே இடத்துக்கு தான் வர்றாங்க. அதனால கோச் உன்னை எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குன்னு சொன்னா சந்தோஷப்பட்டுட்டு, என்னை எந்த இடத்துல பாக்கறீங்க, லைன்அப்ல ஆறுக்குள்ளயா, எப்போ இருந்துன்னு அவ கேக்கணும்.

கேம்பஸ்ல போய் என்ன பாக்கணும்னு கேட்டா நான் ஒரே ஒரு விஷயம் தான் அழுத்திச் சொல்லுவேன், டீம்ல எட்டாவது ஒம்பதாவது இடத்துல இருக்கற பொண்ணைப் பாருங்க. நம்பர் ஒன் ஆடறவளை எந்த கோச்சும் நல்லா தான் பாத்துப்பாங்க. நாங்க போன ஒரு காலேஜ்ல, பேர் வேண்டாம், பெரிய பேர் தான், பிராக்டிஸ் ரெண்டு மணி நேரம் பாத்தோம். கடைசி கோர்ட்ல ஒரு பொண்ணு தனியா சர்வ் போட்டுக்கிட்டே இருந்தா, கூடை காலி ஆனதும் அவளே போய் பொறுக்கிட்டு வந்து திரும்ப போடுவா, முழங்கால்ல டேப் ஒட்டிருந்தா. ரெண்டு மணி நேரத்துல ஒரு கோச் கூட அந்தப் பக்கம் போகல, தண்ணி குடிக்கற பிரேக்ல கூட மத்தவங்க ஒரு வட்டமா நின்னாங்க அவ பெஞ்ச்ல ஓரமா உட்கார்ந்திருந்தா. என் பொண்ணு என்கிட்ட ஒண்ணும் சொல்லல, ஆனா அந்தப் பொண்ணையே பாத்துக்கிட்டு இருந்தான்னு எனக்குத் தெரியும். அடுத்த மாசம் போன இன்னொரு காலேஜ்ல ஹெட் கோச்சே கடைசி கோர்ட்டுக்குப் போய் ஒரு பொண்ணோட பேக்ஹேண்ட் வாலியை இருபது நிமிஷம் நின்னு திருத்தினாங்க, அந்தப் பொண்ணு அந்த வருஷம் ஒரு மேட்ச் கூட ஆடலைன்னு அப்புறம் தெரிஞ்சுது. எங்க பொண்ணு சேர்ந்தது அங்க தான். நாலு வருஷத்துல அவளுக்கும் தோள்பட்டை போய் ஒரு சீசன் பூரா உட்கார்ந்தா, அப்போ அந்த இருபது நிமிஷத்தை நாங்க நிறைய தடவை நினைச்சுக்கிட்டோம்.

டீம் பசங்களோட தனியா இருக்கறப்போ அவ கேக்க வேண்டிய கேள்வியும் இது சம்பந்தமா தான் இருக்கணும். போன ரெண்டு வருஷத்துல யாராவது டீமை விட்டுப் போனாங்களா, ஏன், தோத்துட்டு வர்ற பஸ்ல கோச் எப்படி இருப்பாங்க, உடம்பு சரியில்லன்னு சொன்னா என்ன நடக்கும். கோச் இல்லாதப்போ கேட்டா பசங்க உண்மையைச் சொல்லிடுவாங்க, வாயால சொல்லலைன்னாலும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறதுல தெரிஞ்சுடும்.

நீங்க கூடப் போகலாமான்னா, போங்க, ஆனா பேசாதீங்க. இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க முதல் விசிட்ல மதியச் சாப்பாட்டுல கோச் என் பொண்ணைப் பாத்து, உன் ஆட்டத்துல உனக்கு என்ன புடிக்கும்னு கேட்டார். அவ யோசிச்சுக்கிட்டு இருந்தா. அந்த நாலு செகண்ட் அமைதியை என்னால தாங்க முடியல, நான் பூந்து அவ யூடிஆர், ஜெயிச்ச டோர்னமென்ட், சர்வ் ஸ்பீடுன்னு அடுக்கினேன். அவ ஃபோர்க்கைக் கீழ வெச்சுட்டு தட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. அதுக்கு அப்புறம் அந்த மேஜைல அவ வாயே திறக்கல. கார்ல நாப்பது நிமிஷம் கழிச்சு தான் சொன்னா, அப்பா அவர் என்னைக் கேட்டார். அந்தக் காலேஜ்ல இருந்து அப்புறம் மெயில் வரல. காரணம் அதுதானான்னு யாரும் சொல்லப் போறதில்ல, ஆனா அடுத்த விசிட்ல இருந்து நானும் என் வைஃபும் கோச் கூட பேசற நேரத்துல வெளிய காபி குடிக்கப் போயிட்டோம். பணம், ஸ்காலர்ஷிப், இன்சூரன்ஸ், இந்த மூணுக்கு மட்டும் கடைசில உட்கார்ந்தோம். மெயில் எழுதறதும் அவளே எழுதட்டும், நாம எழுதினா கோச்சுக்கு ரெண்டு வரில தெரிஞ்சுடும்.

அபிஷியல் விசிட்ல ராத்திரி பெரும்பாலும் டீம்ல ஒரு பொண்ணோட ரூம்ல தங்க வைப்பாங்க. நம்ம வீடுகள்ல இதுக்கு தான் அதிகமா பயப்படறோம். அனுப்புங்க, அங்க தான் அவளுக்கு நிஜம் தெரியும். ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி வீட்டுல வெளிப்படையா பேசுங்க, பார்ட்டிக்கு கூப்பிடலாம், பீர் இருக்கலாம், வேண்டாம்னு சொல்ல அவளுக்கு முழு உரிமை இருக்கு, நடு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணினாலும் கேள்வி கேக்காம வந்து கூட்டிட்டு போவோம்னு சொல்லுங்க, பக்கத்து ஹோட்டல்ல இருங்க. வெஜிடேரியன்னா விசிட் ஃபார்ம்லயே எழுதிடணும், இல்லன்னா ரெண்டு நாளும் சாலடும் ஃபிரெஞ்சு ஃப்ரையும் தான். ராக்கெட் கொண்டு வரணுமான்னும் கோச்சையே கேட்டுக்கங்க, ஆடிக் காட்டறதுல டிவிஷனுக்கு டிவிஷன் ரூல்ஸ் வேற. பேரன்ட்ஸ் டிக்கெட், ஹோட்டல்ல எது கவர் ஆகும்னும் மெயில்லயே எழுத்துல வாங்கிடுங்க, காலேஜுக்கு காலேஜ் மாறும்.

படிப்பு பத்தி. சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரம் தான் பிராக்டிஸ்னு என்சிஏஏ ரூல், ஒரு நாள் லீவு கட்டாயம். ஆனா பஸ்ல போற நேரம், பிசியோ கிட்ட போற நேரம் எல்லாம் அதுல சேராது. அவ எஞ்சினியரிங்கோ பிரீ-மெடோ யோசிச்சா, லேப் எல்லாம் மதியம் ரெண்டு மணிக்கு வைக்கறாங்க, பிராக்டிஸும் அதே ரெண்டு மணிக்கு. இப்போ டீம்ல எத்தனை பேர் அந்த மேஜர் படிக்கறாங்க, அவங்கள்ல ஒருத்தர் கூட பேச முடியுமான்னு கேளுங்க. பதில் ஒருத்தர் கூட இல்லன்னா அது ஒரு பதில். எங்க சின்னவனை ஒரு கோச் ரொம்ப ஆசையா கூப்பிட்டார், கெமிக்கல் எஞ்சினியரிங்னு சொன்னதும், வேற மேஜர் யோசிக்கலாமேன்னார். நேர்மையா சொன்னாரேன்னு நன்றி சொல்லிட்டு வந்துட்டோம்.

ஆஃபர் விஷயம். சீனியர் இயர் ஆகஸ்ட் 1 வரைக்கும் டிவிஷன் 1 ல எழுத்துல ஸ்காலர்ஷிப் ஆஃபர் வராது, அதுவரைக்கும் எல்லாம் வாய் வார்த்தை, ரெண்டு பக்கமும். முன்னாடி இருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்டை (இந்தக் காலேஜ்ல தான் சேருவேன்னு கையெழுத்து போடற பேப்பர்) 2024 அக்டோபர்ல எடுத்துட்டாங்க, இப்போ காலேஜோட ஃபைனான்ஷியல் எய்ட் அக்ரிமென்ட் தான் கையெழுத்து. விசிட்லயே ஆஃபர் சொன்னா அங்கயே சரின்னு தலையாட்ட வேண்டாம்னு முன்னாடியே பேசி வெச்சுக்கங்க, ரொம்ப சந்தோஷம், வீட்டுல பேசிட்டு சொல்றேன், எந்தத் தேதிக்குள்ள தெரியணும்னு கேட்டா போதும்.

H-4 ஸ்டேட்டஸ் இருக்கறதால ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைக்காதுன்னு இல்ல, அது விசா பாத்து தர்றது இல்ல, வெளிநாட்டுல இருந்து F-1 ஸ்டூடண்ட் விசாவுல வர்றவங்களே வாங்கறாங்க. ஆனா FAFSA (அரசு படிப்பு உதவிக்கான விண்ணப்பம்) வழியா வர்ற ஃபெடரல் உதவி கிடையாது, பல காலேஜ்கள் அட்மிஷன்லயும் எய்ட்லயும் இன்டர்நேஷனல் மாதிரி வெச்சு பாப்பாங்க, 21 வயசு ஆகறதுக்குள்ள கிரீன் கார்டு வரலைன்னா F-1 க்கு மாறணும். என்ஐஎல் காசு (ஆட்டக்காரங்க பேரையும் படத்தையும் வெச்சு வர்ற காசு), ஸ்பான்சர் காசு எதையும் இமிக்ரேஷன் லாயர் கிட்ட கேக்காம தொடாதீங்க, H-4 பசங்களுக்கு வேலை பாக்க அனுமதி இல்ல. ஒவ்வொரு விசிட்லயும் அரை மணி நேரம் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல அப்பாயின்ட்மென்ட் போடுங்க, கோச் கிட்ட இதுக்கு பதில் இருக்காது.

டிவிஷன் 3 ஐ லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன்னு எழுதியிருந்தீங்க, திரும்ப சேருங்க. அங்க ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையாது, ஐவி லீக்லயும் கிடையாது, ஆனா நல்ல மார்க் இருக்கற பொண்ணுக்கு கோச் சப்போர்ட் அட்மிஷன்ல பெரிய பலம். ஜூனியர் இயர் முடிஞ்ச ஜூலை வாக்குல டிரான்ஸ்கிரிப்ட்டை அட்மிஷன்ஸ் கிட்ட கொடுத்து முன்கூட்டியே பாக்கச் சொல்லுவாங்க, அதுக்கு பேர் ப்ரீ-ரீட். டிவிஷன் 3 அபிஷியல் விசிட் ஜூனியர் இயர் ஜனவரி 1 ல இருந்து. சின்ன இடம்னு தள்ளறவங்களுக்கு நான் சொல்ற ஆள் நம்ம மதுரைக்காரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ். அவர் அமெரிக்காவுல ஆரம்பிச்சது என்சிஏஏவுலயே இல்லாத ஜார்ஜியா க்வின்னெட் காலேஜ்ல, அங்க இருந்து வேக் ஃபாரஸ்ட் போய், 2025 ல அந்த டீம் என்சிஏஏ சாம்பியன் ஆச்சு, அதே வருஷம் டேவிஸ் கப்ல சுவிட்சர்லாந்தை இந்தியா அவங்க ஊர்லயே ஜெயிச்சப்போ அந்த டீம்ல இருந்தார்.

இப்போதைக்கு எலிஜிபிலிட்டி சென்டர் அக்கவுண்ட், அஞ்சு ரோஸ்டர் ஷீட், வேகோவும் ஆஸ்டினும் செப்டம்பர் கடைசில ஒரு டிரிப், இது போதும். டேட் போடறதுக்கு முன்னாடி அந்தந்த ஸ்போர்ட்டோட ரெக்ரூட்டிங் காலண்டர்ல டெட் பீரியட் இல்லாம இருக்கான்னு பாத்துக்கங்க, அந்த நாள்ல போனா கோச்சைப் பாக்க முடியாது. முதல் விசிட் முடிஞ்சு கார்ல ஏறினதும் எப்படி இருந்துதுன்னு கேக்காதீங்க, ஒரு நோட்டைக் கொடுத்துட்டு ஓட்டுங்க, அவ எழுதி முடிக்கட்டும். அது முடிஞ்சதும் இங்க வந்து சொல்லுங்க, ரெண்டாவது டிரிப் எங்கன்னு அதைப் பாத்துட்டு பேசலாம்.